கழுத்து வளையம்வரை ஈரம்

“என் வீட்டுக்காரரு கம்போட சேர்ந்துதான் தண்ணிக்குள்ள போனாருன்னு சொன்னே. துறையில அத்தனை பேரு நிக்க, என் மூஞ்சியைப் பார்த்துச் சொன்னே. அப்ப இது யாரு கம்பு, அண்ணே?”

தங்கை நின்றது அண்ணன் வீட்டுக் கொல்லையில். குரல் போய்ச் சேர்ந்தது படகுத்துறை வரைக்கும். அந்தத் தெருவில் சுவரெல்லாம் அரைச் செங்கல் கனம்தான். ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் மூக்கைத் துடைத்துக்கொள்வார்கள். பாத்திரம் கழுவுகிற சாக்கில் ஒருத்தி, கொடித்துணி எடுக்கிற சாக்கில் இன்னொருத்தி, எந்தச் சாக்கும் இல்லாமல் மதிலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஒருவர் என்று பக்கத்துக் கொல்லைகள் எல்லாம் நிறைந்துவிட்டன.

அண்ணன், அதாவது சுக்கான்காரர், வாயைத் திறக்கவில்லை. அவருக்கும் சேர்த்துப் பேசத்தான் சம்சாரம் இருக்கிறாளே. தெருவில் அவளுக்கு வெங்கலம் என்று பெயர். குரல் அப்படி, ஒரு காது கேட்காது என்பதால் இன்னும் அப்படி. கம்பு என்றால் கம்புதான், அதில் பெயரா எழுதியிருக்கிறது, புருஷனைப் பறிகொடுத்த துக்கத்தில் புத்தி தடுமாறுகிறது என்று அவள் ஒரே மூச்சில் முழங்கி முடித்தாள்.

பெயர் எழுதியிருக்கவில்லைதான். அதைவிடப் பெரிய அடையாளம் இருந்தது.

கால்வாயில் செங்கல் ஏற்றிப் போகிற பாய்த்தோணிகளில் இரண்டே ஆள். பின்னால் சுக்கான் பிடிக்கிறவர், முன்னால் கம்பு பிடிக்கிறவர். பாயை விரித்துவிட்டால் சுக்கான்காரர் முன்னால் பெரிய துணிச்சுவர் எழுந்துவிடும். தண்ணீரும் தெரியாது, சேற்றுத்திட்டும் தெரியாது. கம்புக்காரர்தான் கண். மூங்கிலைத் தண்ணீரில் குத்தி எடுத்து, ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்த்துக் கூவ வேண்டும். அடிக்கணக்கு, முழக்கணக்கு எல்லாம் அந்தக் கால்வாயில் கிடையாது. கம்பு வெட்டிய அன்றே அதைத் தன் உடம்போடு சேர்த்து நிறுத்தி, கணுக்கால், முழங்கால், இடுப்பு, மார்பு, கழுத்து என்று அங்கங்கே பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சூடு வைத்து வளையம் போட்டுக்கொள்வார்கள். ஒருவர் கம்பு இன்னொருவருக்கு உதவாது, செருப்பு மாதிரி. கழுத்துக்கும் மேலே போனால் ‘முழுகும்’. அதைக் கேட்டால்தான் சுக்கான்காரருக்கு நிம்மதி. ஆள் முழுகினால் தோணி மிதக்கும்.

கம்புக்காரர் ‘மார்பூ’ என்று கூவினால் சுக்கான்காரரும் ‘மார்பூ’ என்று திருப்பிச் சொல்ல வேண்டும். காதில் விழுந்ததற்கு அதுதான் அத்தாட்சி. பதில் வரும்வரை முன்னால் நிற்கிறவர் அதையேதான் கூவிக்கொண்டிருப்பார், நிறுத்த மாட்டார். வருஷக்கணக்கில் பழகியபின் நாக்கு தானாக ஓடும். சுக்கான்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பின்னால் நின்று யாராவது ‘இடுப்பூ’ என்றால், வாயில் இருக்கிற கவளத்தோடு ‘இடுப்பூ’ என்பார்கள். துறையில் அதை வைத்தே பாதிச் சிரிப்பு.

தங்கை மூங்கிலின் மேல் வளையத்தில் விரலை வைத்தாள். மற்ற வளையங்கள் எல்லாம் நேராக இருக்க, அது மட்டும் கோணலாக இருந்தது.

“இது நான் கரியால குறிச்ச இடம். கழுத்துல கை பட்டதும் கூச்சத்துல சிரிச்சுட்டாரு. கோடு சாஞ்சுபோச்சு. இன்னொரு கம்புல இப்படி இருக்குமா?”

அப்போதுதான் அவள் அண்ணன் முகத்தை நன்றாகப் பார்த்தாள். அவர் கீழுதடு கிழிந்து, தையல் போட்டு, கறுத்துப் போயிருந்தது. தோணி ஆடியபோது சுக்கான் கட்டை மோதிவிட்டது என்று சொல்லியிருந்தார். கம்புக்காரர் பெண்டாட்டிக்குச் சுக்கான் கட்டை எந்த உயரத்தில் இருக்கும் என்று தெரியாதா? அது இடுப்பில் மோதும். உதட்டைப் பார்த்தாள், கம்பைப் பார்த்தாள், மறுபடி உதட்டைப் பார்த்தாள். கம்பைச் சுவரில் பழையபடி சாய்த்துவிட்டுப் போய்விட்டாள்.

சண்டை பாதியில் நின்றதில் தெருவுக்கு ஏமாற்றம். சுக்கான்காரருக்கோ அவள் இன்னும் நாலு வார்த்தை திட்டியிருக்கலாமே என்று இருந்தது.

அவர் கிட்டே போய்ப் பார்த்தார். மழை இல்லை. கொடியில் துணி அட்டை மாதிரிக் காய்ந்து கிடந்தது. குளியலறைத் தொட்டியும் ரெண்டு நாளாகக் காலி. கம்பை அங்கே யார் கொண்டுவந்து சாய்த்தார்கள் என்று அவருக்குத் தெரியாது. சாமி சத்தியமாகத் தெரியாது. அடியிலிருந்து அந்தக் கோணல் வளையம் வரைக்கும் மூங்கில் நனைந்து பளபளத்தது. வளையத்துக்கு மேலே ஒரு பொட்டு ஈரம் இல்லை.

தெருவுக்குச் சொன்ன கதை சின்னது. பனிமூட்டம், கால் வழுக்கியது, கம்போடு போய்விட்டார், பாயை இறக்கித் தேடினேன், கத்தினேன், பதிலே இல்லை. எல்லோரும் நம்பினார்கள். செங்கல் சூளை முதலாளி தோளில் தட்டி, ஒற்றை ஆளாகச் சரக்கைக் கொண்டுவந்து சேர்த்தாயே என்றுகூடச் சொன்னார்.

சொல்லாத கதை இது. அந்தப் பனிக்கு முந்தின சாயங்காலம், தோணியைக் கட்டிவிட்டு டீ குடிக்கும்போது கம்புக்காரர் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். “மச்சான், தப்பா எடுத்துக்காதே. இந்தச் சரக்கை இறக்கினதும் சுக்கானை என்னைப் பிடிக்கச் சொல்றாரு முதலாளி. உனக்குக் கண்ணு மங்குதாம். நானா கேக்கலை.” சுக்கான்காரர் சிரித்துக்கொண்டு சரி மாப்பிள்ளை என்றார். ராத்திரி முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டே படுத்திருந்தார். விடிகாலைப் பனியில் தோணி சேற்றுத்திட்டில் தட்டி நின்றது. வழக்கம்போலக் கம்புக்காரர் இறங்கினார், தோளைக் கொடுத்தார், கம்பை ஊன்றித் தள்ளினார். தோணி விடுபட்டது. பாயில் காற்று அறைந்தது. அவரைத் தாண்டித் தோணி நகர, ‘பாயை இறக்கு மச்சான், கால் மாட்டிக்கிச்சு’ என்று சிரித்துக்கொண்டே சொன்னார். கயிறு சுக்கான்காரர் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவிழ்த்துவிட்டால் பாய் தொப்பென்று விழும்.

கை போகவில்லை.

பனி ரெண்டு பேருக்கும் நடுவே மூடிக்கொண்டது. அதற்குள்ளிருந்து கம்புக்காரர் கூவினார். காப்பாற்று என்று இல்லை, அடப்பாவி என்றும் இல்லை. தொழில் கூவலையே கூவினார், தான் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்தால் வந்து எடுப்பான் என்ற நம்பிக்கையில். முழங்காலூ. பதிலுக்கு இடம் விட்டார். இடுப்பூ. மறுபடியும் இடம் விட்டார். சுக்கான்காரர் நாக்கு தானாக எழும்பியது. பல்லால் உதட்டைக் கவ்விப் பிடித்து அடக்கினார். மார்பூ. ரத்தம் தாடையில் வழிந்தது. கழுத்தூ. கழுத்தூ. கழுத்தூ.

அதற்கப்புறம் பாயின் படபடப்பு மட்டும்.

சண்டை நடந்ததற்கு மறுநாள் விடிகாலை நல்ல பனி. ஈரத்துணியால் தெருவையே மூடினதுபோல, விளக்குக் கம்பத்தின் கால்கூடத் தெரியாத வெள்ளை. அதில் துறையிலிருந்து வரும் தார் வாசனையும், நனைந்த பாய்த்துணியின் புளிச்ச வாசனையும், அவற்றுக்கு அடியில் எதையோ கிளறிவிட்டதுபோலக் கறுஞ்சேற்று வாசனையும் கலந்து ஜன்னல் இடுக்கில் கசிந்துகொண்டிருந்தது. சுக்கான்காரர் பாதித் தூக்கத்தில் இருந்தார். தூரத்தில், கால்வாய் நடுவிலிருந்து, நிதானமாக ஒரு குரல்.

“கழுத்தூ…”

“கழுத்தூ” என்றார் சுக்கான்காரர். சொன்னபிறகுதான் விழித்தார்.

வேறு ஏதாவது தோணியாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இந்தப் பனியில் எவன் தோணியை அவிழ்ப்பான் என்றும் அவரே கேட்டுக்கொண்டார். வெயில் ஏறியதும் கொல்லைக்குப் போனார். கம்பின் ஈரம் இறங்கியிருந்தது. கோணல் வளையம் காய்ந்துவிட்டது. இப்போது மார்பு வளையம்வரைதான்.

அடுத்த பனியில் குரல் துறைப் படிக்கட்டுப் பக்கம் கேட்டது. “மார்பூ…” அவர் போர்வையை வாயில் திணித்துக்கொண்டார். குரலுக்கு அவசரமில்லை. ஒருமுறை கூவும், பதிலுக்கு இடம் விடும், மறுபடி கூவும். அந்த இடைவெளிதான் தாங்க முடியவில்லை. கிணற்று விளிம்பில் குழந்தையை வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல இருந்தது. எத்தனையாவது கூவலிலோ போர்வையைத் தாண்டி நாக்கு ஓடிவிட்டது. “மார்பூ” என்று வீடே அதிர அவர் பதில் சொன்னார்.

வெங்கலம் எழுந்து உட்கார்ந்தாள். கூப்பிட்ட குரல் அவளுக்குக் கேட்கவில்லை; புருஷன் குரல் கேட்டது. “அன்னைக்குக் கழுத்து. இன்னைக்கு மார்பு. இந்த வயசுல கனவுல இறங்கிக்கிட்டே போறீங்களே, யாருங்க அவ?”

இது தெருவுக்குப் போதாதா? காலை டீக்கு முன்னாலேயே கடைசி வீடுவரை போய்விட்டது. அவர் நடந்துபோனால் பின்னால் ஒருவன் மெதுவாக ‘அடுத்து எது அண்ணே?’ என்பான், சுற்றி நிற்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவர் அந்தக் கேலியோடு சிரிக்கக்கூடப் பார்த்தார். தையல் இழுத்தது. அடுத்து எது என்று அந்தத் தெருவிலேயே அவருக்கு மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு பதிலுக்கும் அது ஒரு வளையம் மேடேறி வருகிறது. ஆகவே பதில் சொல்லாமல் இருந்தால் போதும். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஒருதரம் முடிந்தது, மறுபடி முடியாதா?

சூளை முதலாளி புதுக் கம்புக்காரரை ஏற்பாடு செய்துவிட்டார். வெட்டவெளிச்சத்தில், நல்ல காற்றில், தோணி கிளம்பியது. சுக்கான் கட்டையைப் பிடித்ததும் அவருக்கு உயிர் வந்தது. இதற்காகத்தானே எல்லாம். உள்ளங்கைக்கு அந்த வழுவழுப்பு, காலுக்கடியில் செங்கல் பாரத்தின் கனத்த அசைவு, தலைக்கு மேலே பாய்க்கயிறு முறுக்கேறுகிற முனகல். புதியவர் முன்னாலிருந்து கணீரென்று ‘முழுகும்’ என்றார். அவரும் ‘முழுகும்’ என்றார். முழுகும், முழுகும் என்று ஒரு பாட்டுப்போலப் போய்க்கொண்டிருந்தது.

மதகைத் தாண்டியதும் லேசாகப் புகைபோலப் பனி தண்ணீரிலிருந்து எழுந்தது. அந்த நேரத்தில் பனியா என்று அவர் நினைத்தார்.

“முழுகும்” என்றார் முன்னால் இருந்தவர்.

“இடுப்பூ…” என்றது பின்னால்.

சுக்கானுக்கு அடியில். முதுகுக்கு ஒரு கை தூரத்தில். ஆழத் தண்ணீரில், இடுப்பளவில் ஒருவர் நடந்து வருகிற சலப்புச் சத்தம் தோணியின் வேகத்துக்குச் சரியாகக் கூடவே வந்தது.

அவர் திரும்பவில்லை.

“முழுகும்” என்று மறுபடி கூவினார் புதியவர், பதில் வராததால் சத்தமாக. “இடுப்பூ…” என்றது பின்னால், அதே நிதானத்தில். முழுகும். இடுப்பூ. ரெண்டு பேரும் பதிலுக்கு இடம் விட்டார்கள். அவர் வாயைத் திறந்தார். முழுகும் என்று சொல்லத்தான் திறந்தார்.

“இடுப்பூ.”

சொன்ன கையோடு, ஆழம் குறைந்தால் செய்கிறபடியே கையும் சுக்கானை வெட்டித் திருப்பியது. தோணி ஒரு பக்கமாகச் சாய்ந்து கரைக்கல்லில் மோதி நின்றது. மேல் வரிசைச் செங்கல்லெல்லாம் தண்ணீரில் சரிந்தன. புதியவர் கம்போடு பின்பக்கம் ஓடிவந்தார். “அண்ணே, நான் முழுகும்னு தொண்டை கிழியக் கத்துறேன், நீங்க இடுப்புங்கிறீங்க. அதுவும் என்னைப் பார்த்துச் சொல்லலை. யாருக்குப் பதில் சொன்னீங்க?”

அன்றைக்கே சுக்கான் கைமாறியது. எதற்காக ஒரு கயிற்றை அவிழ்க்காமல் விட்டாரோ, அது போயே போய்விட்டது. கம்பின் ஈரம் மட்டும் போகவில்லை. முழங்கால் வளையத்தில் நின்றுகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அவர் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு படுத்தார். பல்வலி என்று சொல்லிக்கொண்டார். காதில் பஞ்சு அடைத்தார். அடைத்ததும் குரல் பஞ்சுக்கு உள்பக்கம் வந்துவிட்டதுபோலத் தெளிவாகக் கேட்டது. யாரோடும் பேசவில்லை. ஆள் பாதியாக இளைத்துவிட்டார். ஏற்கெனவே குட்டை, இப்போது சட்டை மட்டும் தெருவில் நடந்துபோவது மாதிரி இருந்தது. பகலில் ஆள் கூட்டத்தில் இருந்தால் பயமில்லை என்று காலையிலேயே முடிதிருத்தும் கடையில் போய் உட்கார்ந்துகொள்வார். அன்றும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். கடைக்காரர் தாடையெல்லாம் சோப்பு நுரை தடவி, மோவாயை ஒரு விரலால் தூக்கி, கத்தியைத் தொண்டையில் வைத்தார்.

கண்ணாடியில் தெரு தெரிந்தது. தெருவில் பனி நுழைந்துகொண்டிருந்தது.

கடை வாசலில் சாக்கடை ஓடுகிறது. அதிலே யாரோ ஒவ்வொரு காலாகப் பிடுங்கிப் பிடுங்கி வைத்து நடந்து வரும் சத்தம். சேறு காலை விடும்போது எழும் முத்தச் சத்தம். நின்றது.

“முழங்காலூ…”

கடைக்காரர் வானொலியைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டிருந்தார். கத்தி மெல்லக் கீழே இறங்கியது. சுக்கான்காரர் தாடையை இறுக்கினார். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டவைத்தார். முழங்காலூ. கண்ணில் நீர் வந்தது. முழங்காலூ. நுரைக்குள்ளிருந்து உதடு தானாகப் பிரிவதைக் கண்ணாடியில் அவரே பார்த்தார், வேறொருவர் வாயைப் பார்ப்பதுபோல.

“முழங்காலூ.”

நுரை சிவந்தது. “பேசாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? ஒரு இழை ஆழமாப் போயிருந்தா என்ன ஆயிருக்கும்?” என்று கடைக்காரர் திட்டிக்கொண்டே படிகாரத்தைத் தேடினார். சாக்கடையில் யாரும் இல்லை என்று தெருவே சொல்லும். ஆனால் கடைக்காரர் அன்று வாசலைக் கழுவினார். அது மறைக்க முடியாத விஷயம். தண்ணீர் ஊற்றி ஊற்றித் தேய்த்தார். கறுப்புச் சேறு, சாக்கடைச் சேறு மாதிரி இல்லை என்று எல்லோரிடமும் சொன்னார்.

சாயங்காலம் அவர் தங்கை வீட்டுக்குப் போனார். கம்பைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

“இதை நீயே வெச்சுக்கம்மா. உன்னோடதுதான். அன்னைக்குச் சொன்னேல்ல.”

அவள் வாசற்படியில் நின்றாள். கம்பைத் தொடவில்லை. கணுக்கால் வளையம்வரை ஈரம் மின்னுவதை மட்டும் குனிந்து பார்த்தாள். “என் வீட்டுக்கு வரலையே அண்ணே. உன் வீட்டுக்குத்தானே வந்துச்சு.”

“எனக்குத் தூக்கம் இல்லைம்மா. கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு.”

அவள் குரல் உயரவில்லை. “அவரு அன்னைக்கு எதுவரைக்கும் கூப்பிட்டாரு?”

அவர் கை தானாகக் கழுத்துக்குப் போய் நின்றது.

“திருப்பிச் சொல்லிடு, அண்ணே. பதில் வராம அவரு நிறுத்த மாட்டாரு. அவரு தொழில் அப்படி” என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதற்கப்புறம் எரிப்பது ஒன்றுதான் வழி என்று அவருக்குத் தோன்றியது. மறுநாள் விடியுமுன் கம்பைச் சமையலறைக்குக் கொண்டுவந்தார். கதவைத் தாழிட்டார். விறகடுப்பில் தீயை மூட்டி அடிக்கணுவை உள்ளே நீட்டினார். மூங்கில் வெடிக்கவில்லை, கரியவும் இல்லை. சீறியது. தீயிலிருந்து புகைக்குப் பதிலாகப் பனி வந்தது. குளிர்ந்த, வெளேரென்ற, கால்வாய் வாசனை அடிக்கிற பனி, அடுப்பிலிருந்து வழிந்து, பாத்திர அலமாரியை மறைத்து, எதிர்ச்சுவரை மறைத்து, கடைசியில் தீயையும் மறைத்தது. அறைக்குச் சுவரே இல்லாததுபோல ஆகிவிட்டது. எங்கோ பாய்த்துணி ஒன்று லேசாகப் படபடத்தது.

சிமென்ட் தரையில் ஈரக்கால் வைக்கும் சத்தம். ஒன்று. இன்னொன்று.

“கணுக்காலூ…”

அவர் கம்பை மார்போடு அணைத்துக்கொண்டார். தங்கை சொன்னது நினைவுக்கு வந்தது. சொல்லிவிட்டால் நின்றுவிடும். சொல்லிவிட்டால் முடிந்துவிடும். முதல்முறையாக அவராகவே, விருப்பப்பட்டு, அழுதுகொண்டே சொன்னார்.

“கணுக்காலூ, மாப்பிள்ளை. கேட்டுச்சு. கேட்டுச்சு.”

சத்தம் நின்றது.

மூச்சுக் காற்று மட்டும் முகத்தில் பட்டது. சேற்று வாசனை. தன் முகத்தைவிட ஒரு சாண் உயரத்திலிருந்து வந்தது. அவர் கண்ணைத் திறக்கவில்லை. எதிரே நிற்பவர் ஏதாவது சொல்லுவார் என்று காத்திருந்தார். திட்டுவார். அடிப்பார். ஒன்றும் இல்லை.

பிறகு காலடியில் தரை குளிர்ந்தது.

பெருவிரல் புதைந்தது. குதிகால் புதைந்தது. சிமென்ட் அவர் பாதத்தை மெதுவாக வாய்க்குள் வாங்கிக்கொண்டது. காலைப் பிடுங்கப் பார்த்தார். இன்னொரு கால் இறங்கியது. கம்பை ஊன்றினார். கம்பும் இறங்கியது. பழகிய கண் தானாகக் கம்பைப் பார்த்தது. பழகிய வாய் தானாகக் கூவியது.

“கணுக்காலூ.”

இதைத் தெருவில் நாங்கள் எல்லோரும் கேட்டோம். அரைச் செங்கல் சுவர் ஆயிற்றே. போர்வைக்குள் படுத்துக்கொண்டே சிரித்தவர்கள் உண்டு. ‘இன்னைக்கு அடியிலேருந்து ஆரம்பிச்சுட்டாரு’ என்று யாரோ சொன்னது ரெண்டு வீடு தள்ளிக்கூடக் கேட்டது.

“முழங்காலூ.”

பதிலுக்கு இடம் விட்டார். எதிரே நிற்பவர் வாய் திறக்கவில்லை.

“இடுப்பூ. வெங்கலம், கதவை உடைடி. இடுப்பூ.”

வெங்கலம் கேட்காத காதை மேலே வைத்துப் புரண்டு படுத்தாள்.

கொல்லையில் யாரோ நிற்பது அவருக்குத் தெரிந்தது. ஜன்னல் கம்பிக்கு வெளியே, பனியில், தங்கையின் முகம். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் அவள் தொண்டைவரை வந்திருந்தது. ஒரு வார்த்தை. ஒரே வார்த்தை திருப்பிச் சொன்னால் போதும். கம்புக்காரர் பெண்டாட்டிக்குத் தெரியாத கூவலா?

அவள் உதட்டைப் பல்லால் கவ்விக்கொண்டாள்.

“மார்பூ” என்றார் அவர். “மார்பூ.”

‘கழுத்தூ’ என்ற கூவலுக்கு நாங்கள் காத்திருந்தோம். வரவில்லை. கம்புக்காரரைவிட அவர் ஒரு தலை குட்டை.

வெயில் வந்தபிறகு கதவை உடைத்தார்கள். உள்தாழ் போட்டபடியே இருந்தது. ஆள் இல்லை. அறை நடுவில் கம்பு நின்றது, சிமென்ட் தரையில் நட்டு வைத்தாற்போல. தரையில் மயிரிழை விரிசல் இல்லை. தரைக்கு மேலே முதலில் தெரிந்தது அந்தக் கோணல் வளையம்தான். அதைச் சுற்றிப் பத்து விரல்களின் சேற்றுத் தடம், பிடித்து ஏறப் பார்த்து, வழுக்கி, மறுபடி பிடித்து, மறுபடி வழுக்கி. கொத்தனார் வந்து தோண்டினார். உலர்ந்த மணல்தான் வந்தது. தன் இடுப்பளவு குழிக்குள் நின்றவர், திடீரென்று வெளியே தாவி ஏறினார். அடியில் காலை ஏதோ லேசாக உறிஞ்சுகிறது என்றார். அன்றே குழியை மூடி, கம்பைத் தரைமட்டத்துக்கு அறுத்துவிட்டார்கள்.

வெங்கலம் தன் அக்காவோடு மலையடிவாரத்துக்குக் குடிபோய்விட்டாள். அங்கே குடிக்கவே தண்ணீர் லாரியில்தான் வருமாம், அதுதான் வேண்டும் என்றாளாம். புதுக் கம்புக்காரர் தொழிலை விட்டுவிட்டு முடிதிருத்துபவரின் மகளைக் கட்டிக்கொண்டு கடையில் உட்கார்ந்துவிட்டார். சுக்கான்காரர் வீட்டுக்குக் குடிவந்தவர்கள் யாரும் பனிக்காலம் தாண்டவில்லை. சமையலறைத் தரையில் அந்த மூங்கில் வட்டம் மட்டும் காலையில் ஈரமாக இருக்கிறது, எவ்வளவு துடைத்தாலும், என்கிறார்கள்.

தங்கையை, கால்வாய் மதகைத் திறந்து மூடுகிற மதகுக்காரர் கல்யாணம் செய்துகொண்டார். பெண்டாட்டி செத்துத் தனியாக இருந்தவர், நல்ல மனுஷன். பதிவு அலுவலகத்தில் மாலையோடு நிற்கிற படம் எல்லோரும் பார்த்தோம். அவள் கீழுதட்டில் ஒரு தையல் தழும்பு, அண்ணனுக்கு இருந்த அதே இடத்தில். மதகுக்காரர் டீக்கடையில் ஒருநாள் வருத்தமாகச் சொன்னார். பனி இறங்குகிற காலையில் எல்லாம் அவள் யாரோ கூப்பிட்டாற்போல விழித்துக்கொள்கிறாளாம். எழுந்து சுவரோரம் உட்கார்ந்து, முந்தானையைச் சுருட்டிப் பல்லுக்கிடையில் வைத்துக் கடித்துக்கொள்கிறாளாம். பல்வலியா என்று கேட்டால் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டுகிறாளாம், வாயைத் திறக்காமல், பனி விலகும்வரை.